எந்த ராவுத்தர்?

எஸ்.டி.டி. பூத் மதியழகன் பஜாரிலிருந்து எங்கள் தெருவுக்கு ஓடிவந்த அந்த மத்தியானம், அம்மா கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கதீஜா மாமி மதில் ஓரமாக நின்று, "கெண்டையாக்கா? முள்ளு சாஸ்தியாச்சே" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பச்சை மீனும் புளியும் சேர்ந்த வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மத்தியானம்தான்.

மதியழகன் கனத்த உடம்புக்காரர். ஓடுகிற ஆளே கிடையாது. போன் வந்தால் யாரையாவது விட்டுச் சொல்லியனுப்புவாரே தவிர, தானாக எழுந்து வரமாட்டார். அவர் மூச்சு வாங்க நின்றதைப் பார்த்ததுமே அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"பாய் இருக்காங்களாம்மா? துபாய்லேருந்து போன் வந்துச்சு."

"கடையில இருக்காங்க. யாரு, சலீமா பேசுனான்?"

"சலீம் பேசலைங்க. கம்பெனி ஆளு ஒருத்தரு, மலையாளத்துக்காரர் போல இருக்கு. ராவுத்தர் சாரத்துலேருந்து விழுந்து..." அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்தார். "தவறிட்டாராம்மா."

"எந்த ராவுத்தர்?"

அம்மாவும் மாமியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சொல்லிவைத்த மாதிரி ஒரே குரல்.

"அதைத்தான் கேக்கப் போனேன், அதுக்குள்ள வச்சிட்டாரும்மா. சாயங்காலம் திரும்பக் கூப்பிடுறேன், வீட்டு ஆளை வரச்சொல்லுன்னாரு. ராவுத்தர்னு மட்டுந்தான் சொன்னாரு."

சலீம் என் அண்ணன். எங்கள் வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. ஜமால் கதீஜா மாமியின் மகன். புருஷனை இழந்த மாமிக்கு இருந்த ஒரே பிள்ளை. இரண்டு பேரும் ஒன்றாக விமானம் ஏறி, ஒரே கம்பெனியில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜமாலுக்குத்தான் என்னைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

கொள்ளு மட்டும் மிச்சம்

இதை இந்த வாரம் எழுத வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. போன வாரம் இந்தப் பத்தியில் நாத்து நடவு பற்றி எழுதினேன், இந்த வாரம் அறுப்பு என்று மனசுக்குள் வைத்திருந்தேன். கெடுத்தது என் மகன்.

வெளிநாட்டில் ஆபீஸ் உத்தியோகத்தில் இருக்கிறான். போனில் கூப்பிட்டு, "அம்மா, இங்க எல்லாரும் என்னை ராவுத்தர் ராவுத்தர்னுதான் கூப்பிடுறாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்குறாங்க, என்ன சொல்றது?" என்றான். "குதிரை மேல போறவங்கன்னு சொல்லு" என்றேன். "சூப்பர்ம்மா!" என்று வைத்துவிட்டான். சூப்பராம். மிச்சத்தை அவனுக்குப் போனில் எப்படிச் சொல்வது? போன் என்றாலே எனக்குப் பயம். அதனால் இங்கே எழுதுகிறேன். படித்தால் படிக்கட்டும்.

ராவுத்தர் என்பது வடக்கேயிருந்து வந்த சொல் என்பார்கள். குதிரை வியாபாரம் செய்ய வந்தவர்கள் என்று ஒரு கதை. ராஜாக்களின் குதிரைப் படையில் இருந்தவர்கள் என்று இன்னொரு கதை. கடற்கரைப் பக்கம் மரைக்காயர்களைக் கேட்டால் அவர்கள் மரக்கலக் கதை சொல்வார்கள். அவர்களுக்குக் கப்பல், எங்களுக்குக் குதிரை. எது நிஜம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

என் அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. "நம்ம முப்பாட்டன் தஞ்சாவூர் ராஜாவுக்குப் பக்கத்துல குதிரையில போனவரு" என்பார், கூடவே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி. இவர் செய்ததோ வெற்றிலை வியாபாரம். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, கவுளி கட்டி, பஜாரில் கடை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் குதிரை சம்பந்தப்பட்டது என்று ஒன்று இருந்ததென்றால் அது அடுக்களையில் டப்பாவில் இருந்த கொள்ளுதான். அதையும் ரசம் வைத்துக் குடித்துவிடுவோம்.

ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு மரியாதை இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நன்னிலத்துப் பக்கமிருந்து வரும் மிராசுதார்கள்கூட "என்ன ராவுத்தரே, மழை உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலையைக் கையில் எடுப்பார்கள். பிற்பாடு காலம் மாறி எல்லாரும் "பாய்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் யாராவது பழைய ஆள் வந்து "ராவுத்தரே" என்றால் அத்தாவின் முகமே வேறு மாதிரி ஆகும். அன்றைக்கு வந்தவருக்கு ஒரு கொழுந்து வெற்றிலை சும்மா கிடைக்கும்.

குதிரையிலிருந்து எங்களுக்கு மிஞ்சிய வழக்கம் ஒன்றே ஒன்று. கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரை ஏறி ஊர்வலம் வர வேண்டும். முகம் தெரியாமல் தலையிலிருந்து பூச்சரம் தொங்க, முன்னால் பைத்துப் பாட்டுச் சொல்லிக்கொண்டு ஆட்கள் போக, தெருத்தெருவாக வந்து பெண் வீட்டு வாசலில் இறங்க வேண்டும்.

அத்தாவின் கல்யாணத்தில் குதிரைக்கு வழியில்லாமல், ஸ்டேஷனில் நின்ற ஜட்கா வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்து அதன்மேல் ஏற்றினார்களாம். பின்னால் வண்டி இல்லாததால் அதற்கு நடக்கத் தெரியவில்லையாம். நட்டநடுத் தெருவில் நின்றுவிட்டதாம். கடைசியில் மாப்பிள்ளை இறங்கி நடந்தே வந்தார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "சிரிடி, சிரி. எம்புள்ளை கல்யாணத்துல பாரு, நிஜக் குதிரை வருது பாரு" என்பார் அத்தா. அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணுக்கு ஒரு குதிரையும் சேர்ந்தே தெரிந்திருக்கும்.

ரெண்டு பேருக்கும் அதையே போடுங்க

ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்கள் அவை. குறுவை போனது, பிறகு சம்பாவும் சந்தேகமானது. கொடிக்கால் காய்ந்தது. பஜாரில் கலர் கலராக சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் தொங்க ஆரம்பித்தன, வெற்றிலை வாங்க ஆள் குறைந்தது. தெருவில் மீசை முளைத்த பையன்களெல்லாம் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. அப்பா பெயரில் முதலெழுத்து, அப்புறம் தன் பெயர், அதோடு சரி. அண்ணனையும் ஜமாலையும் அழைத்துக்கொண்டு அத்தா ஏஜெண்டிடம் போனபோது அவர், "குடும்பப் பேரு ஒண்ணு கேக்குறாங்க பாய், என்ன போடட்டும்?" என்று கேட்டிருக்கிறார். மற்ற தெருக்காரர்கள் தகப்பன் பெயரைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். என் அத்தாவா விடுவார்?

"ராவுத்தர்னு போடுங்க. ரெண்டு பேருக்கும் அதையே போடுங்க. நம்ம புள்ளைங்க யாருன்னு அங்க இருக்கிறவனுக்கும் தெரியட்டும்."

வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் அத்தனை சந்தோஷமாகச் சொன்னார். ஜமாலுக்குத் தகப்பன் இல்லாத குறையைத் தானே தீர்த்துவைத்த மாதிரி அவருக்கு நிறைவு. கதீஜா மாமியும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "நீங்க செஞ்சா சரிதாண்ணே" என்றாள்.

அங்கே போனபின் அண்ணன் பூத்துக்குப் போன் பண்ணிச் சிரித்தான். "அத்தா, இங்க சலீம்னா ஒருத்தனுக்கும் தெரியாது. மேஸ்திரிலேருந்து டீக்கடைக்காரன் வரைக்கும் ராவுத்தர் ராவுத்தர்னுதான் கூப்பிடுறான். ஜமால் வேற சைட்டுல இருக்கான், அங்க அவன்தான் ராவுத்தர்." அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் அவசரத்துக்கு ஊர் நம்பர் கேட்டபோது இரண்டு பேரும் கொடுத்தது அதே பூத் நம்பரைத்தான். வேறு நம்பர் எங்களிடம் ஏது?

பூத் வாசலில்

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்போதே நாங்கள் பூத்துக்குப் போய்விட்டோம். அம்மாவும் மாமியும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். உட்கார்ந்த பிறகு எப்போது கையை விட்டார்கள் என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது நடுவில் ஒரு ஆள் உட்காருமளவுக்கு இடம் இருந்தது.

இரண்டு பேர் உதடும் அசைந்துகொண்டே இருந்தன. என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? இருப்பது இரண்டு பிள்ளைகள். ஒருவன் போய்விட்டான். என் பிள்ளையாக இருக்கக்கூடாது ரப்பே என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அதைச் சொல்ல எந்தத் தாயாலும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

எனக்கு எந்தப் பக்கமும் துஆ கேட்க வழியில்லை. ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், இன்னொரு பக்கம் கட்டிக்கொள்ளப் போகிறவன். அத்தா தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, பக்கத்துக் கடையில் வடை போட்டார்கள். எப்படித்தான் இந்த உலகத்துக்கு மனசு வருகிறதோ என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பொழுது சாயும் நேரம், மஃரிபு தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. மதியழகன் எடுத்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அத்தாவிடம் நீட்டினார்.

"ஹலோ" என்றார் அத்தா. அப்புறம் அவர் முகம் மாறியது. மெதுவாகக் கேட்டார்.

"ஜமாலா?"

அவ்வளவுதான். போனில் பேசுகிறவன் யார் என்று தெரிந்ததும் போனவன் யார் என்று தெரிந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் கதீஜா மாமி.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்று, சத்தமாகச் சொன்னாள். பஜாரே கேட்டிருக்கும். சொன்ன கையோடு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை, பார்த்தாள். பிறகு எழுந்து, அத்தா பேசுவதைக் கேட்கப் பக்கத்தில் போய் நின்றாள்.

ஜமால் அந்தப் பக்கம் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார், ஊருக்கு அனுப்ப ரொம்ப நாளாகும் என்கிறார்கள், இங்கேயே அடக்கம் பண்ணிவிடலாமா என்று.

"குளிப்பாட்டுறது யாரு, நீயா?" என்று கேட்டார் அத்தா. அப்புறம், "அப்ப சரி. பண்ணிடு" என்று வைத்துவிட்டார்.

நம்ம வழக்கத்துல இல்லீங்களே

மறுநாள் அத்தா பள்ளிவாசலுக்குப் போய் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம், இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை வைக்கச் சொன்னார். உடல் அங்கே இருந்தால் என்ன, இங்கிருந்து தொழலாமே என்றார். ஹஜ்ரத் நல்ல மனுஷர். தலையைக் குனிந்துகொண்டு, "மய்யித்து இல்லாம தொழுறது நம்ம வழக்கத்துல இல்லீங்களே" என்றார்.

மரைக்காயர்கள் மார்க்கச் சட்டத்தில் ஷாஃபி மத்ஹபு. தூரத்தில் இறந்தவர்களுக்கும் அவர்கள் தொழுவார்கள். ராவுத்தர்கள் ஹனஃபி, எங்களுக்குக் கிடையாது. ஜமாஅத்தில் ஒருவர் இரக்கப்பட்டு, "கடற்கரைப் பக்கம் போயிட்டு வந்துடுவோம் ராவுத்தரே, அங்க தொழ வைப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார். அத்தா வேண்டாம் என்றுவிட்டார். "நாம ராவுத்தருங்க. அவங்க வழக்கத்தைக் கடன் வாங்கி நான் எம்புள்ளைக்குத் தொழ மாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, எல்லாரும் போன பிறகும் காலிப் பள்ளிவாசலில் முன்வரிசையில் நின்றுகொண்டே இருந்தாராம். பாங்கு சொல்லும் மோதினார் வந்து கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டார். வீட்டில் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதினோம். சந்தூக்குப் பெட்டி தூக்கவில்லை, மண் தள்ளவில்லை. அண்ணன் செத்ததற்கு எங்கள் ஊரில் ஒரு அடையாளமும் இல்லை. எனக்கு அந்தப் பெயர் மேலேயே வெறுப்பு வந்தது. போங்கள், நீங்களும் உங்கள் குதிரையும் என்று அத்தாவின் முகத்துக்கு நேராகவே கத்தினேன்.

கொஞ்ச நாள் கழித்து ஜமால் ஊருக்கு வந்தார். அத்தா அவரை உட்காரவைத்துக் கேட்டது ஒரே கேள்விதான்.

"கபுர்ல பேரு போட்டிருக்காங்களா?"

"இல்ல மாமா. அங்க போட மாட்டாங்க. தலைமாட்டுல ஒரு கல்லு நட்டிருக்கு."

"ராவுத்தர்னுகூடப் போடலியா?"



அம்மா சொன்னது

அடுப்பெரியாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு வரும். கதீஜா மாமி சோறு ஆக்கினாள். ஆனால் தானே கொண்டுவரப் பயந்து யார் யாரிடமோ கொடுத்தனுப்பினாள். மதில் பக்கம் நின்று பேசுவதும் நின்றது. எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது.

"அந்த வீட்டுக்கு நான் மருமகளாப் போக மாட்டேன்" என்றேன் அம்மாவிடம். "அண்ணன் செத்த சேதிக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன வாய் அது. அந்த வாய் என்னை வா மகளேன்னு கூப்பிட்டா நான் போகணுமா?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவ கேட்டதைத்தாண்டி நானும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ புள்ளையா இருக்கட்டும்னு. ஜமாலு, நான் தூக்கி வளத்த புள்ளை. அவன் போயிருக்கட்டும்னு கேட்டேன். அவளுக்குக் கெடச்சிருச்சு, சொல்லிட்டா. எனக்குக் கெடச்சிருந்தா நான் அவளைவிடச் சத்தமாச் சொல்லியிருப்பேன்."

அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்து போய், மாமியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து அழுதார்கள். சேர்ந்துதான் அழுதார்கள். ஆனாலும் நடுவில் அந்த ஒரு ஆள் இடம் இருந்தது. கடைசிவரை இருந்தது.

வேளாங்கண்ணிக் குதிரை

அடுத்த அறுப்பு முடிந்து எங்கள் கல்யாணம். சத்தமில்லாமல் பள்ளிவாசலில் நிக்காஹ் ஓதிவிடலாம் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தோம். அத்தா மட்டும், "குதிரை வரும்" என்றார்.

மாமி எங்கள் கூடத்தில் வந்து நின்று அழுதாள். "வேணாண்ணே. உங்க வீட்டு வாசல்ல எம்புள்ளை எப்புடிண்ணே குதிரையில வருவான்? எனக்கு ஈரக்குலை நடுங்குதுண்ணே."

"ராவுத்தர் வீட்டுக் கல்யாணம். குதிரை வரும்."

வந்தது. வேளாங்கண்ணியிலிருந்து வேனில் வந்து இறங்கியது. கடற்கரையில் யாத்திரைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்வரும் வெள்ளைக் குதிரை. நெற்றியில் பிளாஸ்டிக் பூ. கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த குதிரைக்காரர், "ரொம்ப சாதுங்க, பச்சைப்புள்ளையை ஏத்தினாலும் ஒண்ணும் பண்ணாது" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வர ஊரைச் சுற்றிக் குதிரையா என்று தெருவே வேடிக்கை பார்த்தது.

நான் உள்ளே ஜன்னல் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு நின்றேன். பைத்துச் சத்தம் நெருங்கி வந்தது. குதிரை எங்கள் தெருவுக்குள் கொஞ்ச தூரம் நடந்தது, நின்றது, தானாகத் திரும்பி வந்த வழியே போகப் பார்த்தது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "கடற்கரையில அது போற தூரம் அவ்வளவுதாங்க. அப்புறம் திரும்பிடும்" என்று குதிரைக்காரர் கயிற்றை இழுத்தார். அது அசையவில்லை.

அத்தா போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டார். கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். என்ன மாயமோ, குதிரை அவர் பின்னால் நடந்தது. அவர் முதுகு நிமிர்ந்திருந்ததை அந்த பூத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜமாலுக்குக் குதிரை என்றால் பயம். முகம் தெரியாமல் பூச்சரம் தொங்க, சேணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தா நடந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"நேரா உக்காருடா சலீமு. ஊரு பாக்குது."

பைத்து நின்றுவிட்டது. அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். வெளியே கதீஜா மாமி அன்று மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூச்சரத்துக்குள்ளிருந்து, "சரிங்கத்தா" என்றார் ஜமால். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை இறங்க வேண்டிய இடம் எங்கள் வாசல். பாயெல்லாம் விரித்து வைத்திருந்தார்கள். சொந்த வீட்டு வாசலில் சலீம் ஏன் இறங்குவான்? அத்தா நிற்கவில்லை. குதிரையை நடத்திக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். யாரும் அவரை நிறுத்தவில்லை.